ஒரு சிறு புள்ளியால் வந்த வினை!

(நமது மும்பை பகுதி நேர நிருபர்)

ஞாயிற்றுக்கிழமை காலையில் என் அறைக்கு நாலைந்து பேர் வருவது வழக்கம். ஆளுக்கு ஒரு படிவம் கையில் இருக்கும். "தம்பி, இதைக் கொஞ்சம் பூர்த்தி பண்ணிக் கொடு" என்பார்கள். ரெயில்வேயில் எழுத்தர் வேலை பார்ப்பவனுக்கு எல்லாப் படிவமும் அத்துபடி என்பது அவர்கள் நம்பிக்கை. நான் படித்தது என்னவோ எஸ்.எஸ்.எல்.சி. தான்.

ஆனால் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பிறர் பெயரை எழுதியே சம்பளம் வாங்குகிறவன் என்ற முறையில் ஒன்று மட்டும் நன்றாகத் தெரியும். பெயரில் ஓர் எழுத்து தவறினால் உடனே கண்ணில் படும். புள்ளி தவறினால் படாது. அது தெரிய வரும்போது காலம் கடந்திருக்கும்.

அப்படி வந்தவர்களில் ஒருவர், எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி. பெயர் வேண்டாம். இனிஷியலை மட்டும் சொல்கிறேன். எம்.எஸ். முதல் எழுத்து ஊர்ப் பெயர். இரண்டாவது எழுத்து அப்பா பெயர்.

ஆண், பெண் ஆனார்

அண்ணாச்சி இருபத்தாறு வருடம் ஒரு பட்டறையில் வெல்டராக இருந்தார். 58 வயதில் கணக்கு முடித்தார்கள். வைப்பு நிதி வந்ததும் மகள் கல்யாணம் என்று நாள் குறித்தாகி விட்டது. ஆனால் பணம் கேட்டு அனுப்பிய விண்ணப்பம் திரும்பி வந்தது. பெயர் பொருந்தவில்லை, பாலினம் பொருந்தவில்லை என்று காரணம் போட்டிருந்தது.

பாலினம் எப்படிப் பொருந்தாமல் போகும்? அண்ணாச்சிக்கு முறுக்கு மீசை வேறு!

பட்டறையின் பழைய அட்டையைத் தேடிப் பார்த்தபோது விஷயம் விளங்கியது. யாரோ ஒருவர் ஆங்கிலத்தில் பெயரை டைப் செய்யும்போது எம், எஸ் இரண்டுக்கும் நடுவில் புள்ளி வைக்கவில்லை. பின்னாலும் வைக்கவில்லை. சில வருடம் கழித்து அந்த அட்டையைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றியவர் அதை இனிஷியல் என்று நினைக்கவில்லை. ஆங்கிலத்தில் பெண்களுக்கு மரியாதையாகப் போடும் 'மிஸ்' என்று எடுத்துக் கொண்டார். அடைமொழி பெயரில் சேராது என்று அதை நீக்கி விட்டார். பாலினம் என்ற இடத்தில் 'பெண்' என்றும் போட்டு விட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அவர் கண்ணில் பட்டது அப்படி.

முதலாளியும் தொழிலாளியும் சேர்ந்து கையெழுத்திட்டு உறுதிமொழி கொடுத்து, ஆதார் நகல் இணைத்து, அலைந்து திரிந்து அதைச் சரி செய்ய ஐந்து மாதம் ஆயிற்று. கல்யாணத் தேதியை மாற்ற முடியவில்லை. அண்ணாச்சி வட்டிக்கு வாங்கித்தான் மகளைக் கரை சேர்த்தார். இரண்டு புள்ளிக்கு ஐந்து மாத வட்டி!

இவர் ஒருவர் மட்டும்தானா? எம்.ஆர். என்று இனிஷியல் உள்ளவர் புள்ளியை விட்டால் 'மிஸ்டர்' ஆகி விடுவார். அவருடைய ஊரும் அப்பாவும் காணாமல் போவார்கள். டி.ஆர். என்று உள்ளவர் டாக்டர் ஆகி விடுவார்.

தமிழிலும் இதே கதைதான். சு. குமாரன் என்பவர் வேறு, சுகுமாரன் என்பவர் வேறு. சு. மதி என்று எழுத வேண்டியதைப் புள்ளி இல்லாமல் சேர்த்து எழுதினால் சுமதி. ஆள் மாறி விடுகிறது அல்லவா?

புள்ளிக்குப் பின்னால் யார்?

நம் பெயருக்கு முன்னால் நிற்கும் எழுத்து வெறும் எழுத்து அல்ல. அதற்குப் பின்னால் ஓர் ஊரோ, ஒரு தகப்பனாரோ நிற்கிறார். புள்ளி வைப்பதன் அர்த்தம், "இங்கே ஒரு சொல் சுருக்கப்பட்டிருக்கிறது, மீதி உள்ளே இருக்கிறது" என்பதுதான்.

நாம் தினமும் சொல்லும் பெயர்களையே பாருங்கள். எம்.ஜி.ஆர். என்றால் மருதூர் கோபாலமேனன் ராமச்சந்திரன். உ.வே.சா. என்றால் உத்தமதானபுரம் வேங்கடசுப்பையர் சாமிநாதையர். அறிஞர் அண்ணாவின் சி.என். என்பதில் சி என்பது காஞ்சிபுரம். அந்தக் காலத்து ஆங்கிலத்தில் அந்த ஊருக்கு 'காஞ்சிவரம்' என்று சி எழுத்தில் தொடங்கும் பெயர். மு.வ. என்றால் முனுசாமி வரதராசன்.

தொழிற்சங்கத் தலைவராகவும் தமிழறிஞராகவும் விளங்கிய திரு.வி.க. பெயரில் ஒரு வேடிக்கை உண்டு. அதில் உள்ள 'திரு' மரியாதைக்குப் போட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அது திருவாரூர். திருவாரூர் விருத்தாசலம் கலியாணசுந்தரனார் என்பதன் சுருக்கம். ஆகவே அங்கே 'திரு'வுக்குப் பின்னால் புள்ளி கட்டாயம் வேண்டும்.

அதே சமயம் மரியாதைக்குப் போடும் திரு, திருமதி, செல்வி ஆகியவை முழுச் சொற்கள். எதையும் சுருக்கவில்லை. அவற்றுக்குப் புள்ளி தேவையில்லை. கல்யாணப் பத்திரிகைகளில் 'திரு.' என்று அச்சடிப்பது பழக்கத்தால் வந்தது.

தமிழ் இனிஷியலுக்கும் ஆங்கில இனிஷியலுக்கும் ஒரு வேற்றுமை உண்டு. ஆங்கிலத்தில் முதல் எழுத்து மட்டும்தான். தமிழில் உயிர்மெய்யை அப்படியே எடுத்துக் கொள்கிறோம். முனுசாமி மகனுக்கு மு., சுப்பையா மகனுக்கு சு., காளிமுத்து மகனுக்கு கா. இது ஒரு வசதி. எஸ். என்றால் சுப்பையாவா, சங்கரனா, செல்லையாவா என்று தெரியாது. சு., ச., செ. என்றால் ஓரளவு தெரிந்து விடும். தமிழில் பெயர் எழுதும்போது இனிஷியலையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று தமிழக அரசு 2021-ம் ஆண்டில் வலியுறுத்தியது.

மூன்று கட்டம், ஒரு பெயர்

மராட்டிய மாநிலத்துக்கு வந்த நமக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. இங்குள்ளவர்கள் தன் பெயர், தந்தை பெயர், குடும்பப் பெயர் என்று மூன்றாக எழுதுவார்கள். படிவத்திலும் மூன்று கட்டம் இருக்கும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. எனவே ஒரு படிவத்தில் அப்பா பெயர் நடுவில் போகிறது. இன்னொன்றில் கடைசியில் போகிறது. மூன்றாவதில் வெறும் எழுத்தாக முன்னால் நிற்கிறது. ஒரே ஆள், மூன்று பெயர்!

வருமான வரி பான் அட்டை விண்ணப்பத்தில் இனிஷியல் செல்லாது. விரித்து முழுப் பெயராகத்தான் எழுத வேண்டும். விரித்து எழுதினால் புள்ளியை எடுத்து விட வேண்டும். 'சுப்பையா. குமாரன்' என்று நடுவில் புள்ளி வைக்கிறவர்கள் உண்டு. அது தவறு. சுருக்கம் இருந்தால்தான் புள்ளி.

என் யோசனை இதுதான். ஒரு தடவை உட்கார்ந்து, உங்கள் பெயரை எப்படி விரிப்பது என்று முடிவு செய்யுங்கள். ஆதாரில் எப்படி இருக்கிறதோ, அப்படியே வங்கியிலும், வைப்பு நிதியிலும், ரேஷன் கார்டிலும், பிள்ளைகளின் பள்ளிக்கூடத்திலும் இருக்கட்டும். வேலையில் இருக்கும்போதே ஒத்துப் பாருங்கள். கணக்கு முடித்த பிறகு பார்த்தால் அண்ணாச்சி கதைதான்.

ஒரு புள்ளி, இரண்டு வேலை

புள்ளி விஷயத்தில் இவ்வளவு குழப்பம் வருவதற்குக் காரணம், ஒரே புள்ளி இரண்டு வேலை செய்வதுதான். சொல்லைச் சுருக்கினாலும் புள்ளி. வாக்கியம் முடிந்தாலும் புள்ளி.

இந்தியில் இந்தத் தொல்லை குறைவு. நமது ரெயில் நிலையங்களில் மூன்று மொழியில் அறிவிப்புப் பலகை இருக்கிறதே, அதைக் கவனியுங்கள். இந்தி வாக்கியம் பெரும்பாலும் ஒரு நின்ற கோட்டில் முடியும். மராத்தியும் ஆங்கிலமும் புள்ளியில் முடியும். இந்தியில் சொல்லைச் சுருக்கினால் அதற்கு ஒரு குட்டி வட்டம் போடுவது பழைய முறை. இப்போது அந்த இடத்தில் புள்ளியும் வைக்கிறார்கள். எப்படியானாலும் முடிவுக்குக் கோடு, சுருக்கத்துக்கு வேறு குறி.

தமிழிலும் ஆங்கிலத்திலும் அப்படி இல்லை. ஆகையால் நாம்தான் கவனமாக இருக்க வேண்டும். கடிதம், மனு எழுதுகிறவர்களுக்கு அடிக்கடி எழும் சந்தேகங்களைச் சொல்கிறேன்.

வாக்கியம் சுருக்கெழுத்தில் முடிந்தால் எத்தனை புள்ளி? ஒன்றே போதும். 'என் தம்பி படித்தது பி.ஏ.' என்று முடித்தால் அந்தப் புள்ளியே இரண்டு வேலையையும் செய்து விடும். பக்கத்தில் இன்னொன்று வைக்க வேண்டாம். கேள்வியாக இருந்தால் மட்டும் சுருக்கத்தின் புள்ளிக்குப் பிறகு கேள்விக்குறி வரும்.

வேற்றுமை உருபு சேர்ந்தால் என்ன செய்வது? பத்திரிகைகளில் பின்பற்றும் முறை எளிது. கடைசி எழுத்து உயிரோசையில் முடிந்தால் புள்ளி நிற்கும். உதாரணம்: எம்.எல்.ஏ.வை, தி.மு.க.வில். மெய்யில் முடிந்தால் உருபு அதனோடு கலந்து விடும், கடைசிப் புள்ளி மறையும். உதாரணம்: எம்.ஜி.ஆருக்கு, ஏ.டி.எம்மில்.

ஆங்கிலத்தில் டாக்டர், மிஸ்டர் என்பதன் சுருக்கத்துக்குப் புள்ளி உண்டா? பிரிட்டிஷ் முறையில் இப்போது வைப்பதில்லை. சொல்லின் கடைசி எழுத்து சுருக்கத்திலேயே இருக்கிறது என்பது அவர்கள் வாதம். அமெரிக்கர்கள் வைப்பார்கள். 'புரொபசர்' என்பதன் சுருக்கத்தில் கடைசி எழுத்து இல்லை. எனவே அதற்கு இரு முறையிலும் புள்ளி உண்டு. எதைப் பின்பற்றினாலும் ஒரு மனுவுக்குள் ஒரே முறையாக இருக்க வேண்டும்.

நம்பர் என்பதற்கு ஆங்கிலத்தில் 'என்', 'ஓ' என்று இரண்டு எழுத்துப் போட்டுப் புள்ளி வைப்பார்கள். புள்ளியை விட்டால் அது 'இல்லை' என்ற சொல்லாகி விடும். முகவரி எழுதும்போது இதைக் கவனிக்கவும்.

அளவைகளில் புள்ளி உண்டா? கிலோகிராம், கிலோமீட்டர் ஆகியவற்றை ஆங்கிலத்தில் இரண்டு எழுத்தில் எழுதுகிறோமே, அவை சுருக்கம் அல்ல. உலகம் முழுவதும் ஒப்புக் கொண்ட குறியீடு. எனவே புள்ளி கிடையாது. பன்மைக்கு 'எஸ்' சேர்ப்பதும் கிடையாது. தமிழில் 'கி.மீ.' என்பது சுருக்கம், அதற்குப் புள்ளி உண்டு.

ரெயில்வேயில் நிலையங்களுக்கு வைத்திருக்கும் குறியீட்டு எழுத்துகளும் அப்படியே. சென்னை சென்ட்ரலுக்கு எம், ஏ, எஸ். திருநெல்வேலிக்கு டி, இ, என். இவற்றுக்கு நடுவில் புள்ளி இல்லை. எழுத்துகளைச் சேர்த்து ஒரே சொல்லாக உச்சரிக்கும் இஸ்ரோ, யுனெஸ்கோ போன்றவற்றுக்கும் புள்ளி வேண்டாம்.

பணம் எழுதும்போது மிக மிகக் கவனம் தேவை. 'ரூ.' என்பதில் புள்ளி உண்டு. 2010-ம் ஆண்டு அரசு ஏற்றுக் கொண்ட ரூபாய்க் குறியைப் போட்டால் புள்ளி வேண்டாம். ஆயிரத்து ஐந்நூறு என்பதில் காற்புள்ளி வைக்க வேண்டிய இடத்தில் முற்றுப்புள்ளி வைத்தால் ஒன்றரை ரூபாய் ஆகி விடும். காசோலையில் தொகைக்குப் பின்னால் சாய்கோடும் சிறு கோடும் போடுவது அழகுக்காக அல்ல. பின்னால் வேறு எண்ணைச் சேர்க்க இடம் கொடுக்காமல் இருப்பதற்காக.

தலைப்புக்கும், பெயர்ப் பலகைக்கும், மனுவின் அடியில் எழுதும் பெயருக்கும் முற்றுப்புள்ளி இல்லை. அவை வாக்கியம் அல்ல. இ-மெயில் முகவரி எழுதினால் கடைசியில் புள்ளி வைக்காதீர்கள். பார்த்து எழுதுகிறவர் அதையும் முகவரியில் சேர்த்து விடுவார்.

ஓலையில் இல்லாத புள்ளி

புள்ளி தமிழுக்குப் புதிதல்ல. மெய்யெழுத்துக்குப் புள்ளி உண்டு என்று தொல்காப்பியமே சொல்கிறது. ஆனால் ஓலைச்சுவடி எழுதியவர்கள் புள்ளியை விட்டு விட்டார்கள். எழுத்தாணியால் அழுத்திக் குத்தினால் ஓலை கிழியும். அதனால் மெய் எது, உயிர்மெய் எது என்று படிப்பவரே ஊகிக்க வேண்டியிருந்தது. உ.வே.சா. சுவடிகளைப் பார்த்துச் சீவக சிந்தாமணியை 1887-ம் ஆண்டு பதிப்பித்தார் என்றால், அவர் இல்லாத புள்ளிகளை எல்லாம் தம் அறிவினால் வைத்துப் படித்தார் என்று அர்த்தம்.

வாக்கியம் முடிந்ததைக் காட்டும் முற்றுப்புள்ளி, ஐரோப்பியர் வருகைக்கும் அச்சுக்கும் பிறகு நம் உரைநடைக்கு வந்தது. யாழ்ப்பாணம் ஆறுமுக நாவலர் (1822-1879) தம் பதிப்புகளில் இக்குறிகளைத் திட்டமாகப் பயன்படுத்தியவர்களில் முக்கியமானவர்.

தந்தியும் வாட்ஸ்-அப்பும்

தந்தி இருந்த காலத்தில் வாக்கியம் முடிந்தால் ஆங்கிலத்தில் 'ஸ்டாப்' என்று ஒரு சொல்லாகவே எழுதுவார்கள். புள்ளி வழியில் தவறி விடலாம், சொல் தவறாது என்பதற்காக. சொல்லுக்கு இவ்வளவு என்று கட்டணம் இருந்தும் அதற்குக் காசு கொடுத்தார்கள். நம் நாட்டில் தந்தி சேவை 2013-ம் ஆண்டு ஜூலை மாதத்தோடு நின்று விட்டது. இன்று வாட்ஸ்-அப்பில் புள்ளிக்குக் காசு இல்லை. ஆனால் யாரும் வைப்பதும் இல்லை.

இதை நான் பிறருக்கு உபதேசமாகச் சொல்லவில்லை. பட்டுத் தெரிந்து கொண்டவன்.

சில வருடங்களுக்கு முன்பு ஊரிலிருந்து என் தம்பி ஒரு செய்தி அனுப்பினான். அது இப்படி இருந்தது:

'அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கோம் ஒன்றும் இல்லை மும்பையில் இருந்து வர வேண்டாம் என்கிறார் டாக்டர் இரண்டு நாள் கழித்துத்தான் சொல்ல முடியும் என்றார்'

நான் அன்று இரவு டூட்டி. வரிசை நீளமாக இருந்தது. செய்தியை ஒரு தடவை படித்தேன். வர வேண்டாம் என்கிறார் டாக்டர். இரண்டு நாள் கழித்து எப்போது வீட்டுக்கு அனுப்புவது என்று சொல்வார். அப்படித்தான் எனக்குப் புரிந்தது. டாக்டரே சொல்லி விட்டார் என்ற நிம்மதியில் போனைப் பைக்குள் போட்டேன். விடிந்து அறைக்கு வந்து தூங்கினேன். சாயங்காலம் தம்பியைக் கூப்பிட்டபோது எடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் அலைச்சலாக இருக்கும் என்று விட்டு விட்டேன்.

மறுநாள் காலையில் அம்மா பேசினார்கள். அப்பாவைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றி ஒரு நாள் ஆகியிருந்தது.

புள்ளி இருக்க வேண்டிய இடம் வேறு. 'ஒன்றும் இல்லை, வர வேண்டாம் என்கிறார்.' அங்கே புள்ளி. அப்படிச் சொன்னது அப்பா. அவர் எப்போதும் அப்படிச் சொல்கிறவர்தான். 'டாக்டர் இரண்டு நாள் கழித்துத்தான் சொல்ல முடியும் என்றார்.' அதாவது பிழைப்பாரா என்பதை.

ரெயில்வே பாஸ் கையில் இருந்தது. அன்றைக்கே கிளம்பியிருக்கலாம். ஒன்றரை நாள் பயணம் முடிந்து நான் போய்ச் சேர்ந்தபோது, தம்பி தனியாகவே எல்லாக் காகிதத்திலும் கையெழுத்துப் போட்டிருந்தான். தன் மனைவியின் சங்கிலியை அடகு வைத்து முன்பணம் கட்டியிருந்தான். "படிச்சுப் பாத்துமா அண்ணே வராம இருந்தே?" என்று ஒரு வார்த்தைதான் கேட்டான். செய்தியை எடுத்துக் காட்டினேன். இரண்டு பேரும் அதைத் திரும்பத் திரும்பப் படித்தோம். அவன் கண்ணுக்கு அவன் எழுதியதுதான் தெரிந்தது. என் கண்ணுக்கு நான் படித்ததுதான் தெரிந்தது. அவன் மனம் ஆற ஒரு வருடம் ஆயிற்று.

ஆண்டவன் புண்ணியத்தில் அப்பா பிழைத்து வீடு திரும்பினார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வந்து விட்டது. ஆஸ்பத்திரி, பணம், பயணம் ஆகிய மூன்றைப் பற்றிய செய்தி என்றால் ஒரு வரிக்கு ஒரு வாக்கியம். ஒவ்வொன்றின் முடிவிலும் புள்ளி. யார் சொன்னது என்பது முதலில். பிறகுதான் என்ன சொன்னார் என்பது. படித்தவர் உடனே போன் போட்டுக் கேட்டுக் கொள்ள வேண்டும்.

நினைவில் வையுங்கள்

* சொல்லைச் சுருக்கினால் புள்ளி. விரித்தால் புள்ளி இல்லை.
* ஒவ்வோர் இனிஷியலுக்குப் பிறகும் புள்ளி. பிறகு சிறிது இடம் விட்டுப் பெயர்.
* வாக்கியம் முடிந்தால் புள்ளி. சுருக்கத்தில் முடிந்தால் அந்த ஒரு புள்ளியே போதும்.
* பெயர் அச்சாகி வந்த எந்த அட்டையையும் வாங்கிய அன்றே படித்துப் பாருங்கள்.
* ஊருக்கு அனுப்பும் செய்தியை அனுப்புவதற்கு முன் ஒரு தடவை வாய் விட்டுப் படியுங்கள். எங்கே மூச்சு நிற்கிறதோ அங்கே புள்ளி வையுங்கள்.

ஊரை விட்டு ஆயிரம் மைல் தள்ளி இருக்கிற நமக்குப் பக்கத்தில் நின்று எடுத்துச் சொல்ல ஆள் கிடையாது. அலுவலகத்தில் நம்மைப் பற்றிப் பேசுவது நம் காகிதம். வீட்டாரோடு நம்மை இணைத்து வைத்திருப்பது ஒரு வரிச் செய்தி. அந்தக் காகிதமும் அந்த வரியும் சரியாக இருக்கட்டும்.

எம்.எஸ். அண்ணாச்சி போன மாதம் வந்திருந்தார். பேத்திக்கு ஆதார் எடுக்க வேண்டுமாம். படிவத்தை நான் பூர்த்தி செய்து முடித்ததும் கையில் வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக் கொண்டார். பெயரைப் பார்க்கவில்லை. முதலில் புள்ளியைத்தான் தேடினார். "எங்க தம்பி புள்ளியைக் காணோம்?" என்றார். "விரிச்சு எழுதியிருக்கு அண்ணாச்சி, புள்ளி வேண்டாம்" என்றேன். ஒவ்வோர் எழுத்தாகத் தடவிப் படித்து விட்டுத்தான் பையில் வைத்தார்.